யார் சொன்னது என்றும் எழுதி வைப்போம்

நம் குடும்பங்களில் பழைய கதைகள் இரண்டு இடங்களில்தான் அதிகம் வெளிவரும். ஒன்று கல்யாண வீடு. மற்றொன்று கருமக்கிரியை வீடு. கல்யாண வீட்டில் பந்தி முடிந்து வெற்றிலை போடும் நேரத்தில், "உன் தாத்தாவும் எங்கப்பாவும் ஒரே கப்பல்ல வந்தவங்க" என்று ஒருவர் ஆரம்பிப்பார். கருமக்கிரியை வீட்டில் இன்னொருவர் அதை மறுப்பார். மறுநாள் எல்லாரும் அவரவர் ஊருக்குப் புறப்பட்டுவிடுவார்கள். அடுத்த முறை கூடும்போது சொன்னவர் இருப்பாரா என்பது யாருக்கும் தெரியாது.

இப்போது இளையவர்கள் பலர் இந்தக் கதைகளைத் தேடிப் பிடிக்கத் தொடங்கியிருக்கிறார்கள். நல்ல காரியம். கைப்பேசியில் பாட்டியின் குரலைப் பதிவு செய்கிறார்கள். பழைய படங்களைக் குடும்பப் புலனக் குழுவில் போடுகிறார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் நானூறு படங்கள், முப்பது ஒலிப்பதிவுகள், ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாத நான்கு வம்சாவளிப் படங்கள் சேர்ந்திருக்கும். எது எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பதில் வராது. பலருடைய ஆர்வம் அந்த இடத்தில்தான் படுத்துவிடுகிறது.

ஒழுங்குபடுத்துவது என்றதும் கோப்பும் அலமாரியும்தான் நம் நினைவுக்கு வரும். அவையும் தேவைதான். ஆனால் எங்கள் குடும்பத்துக்காக மூன்று ஆண்டுகளாக இந்த வேலையைச் செய்துவருகிற எனக்கு, எல்லாவற்றுக்கும் அடிப்படையாகத் தெரிவது ஒன்றே ஒன்று: ஒவ்வொரு செய்தியையும் அதைச் சொன்னவரோடு சேர்த்து எழுதி வைப்பது. அந்த ஒரு பழக்கத்தால், எண்பது ஆண்டுகளாகக் கெட்ட பெயரோடு இருந்த ஒரு மனிதரின் கதை எங்கள் வீட்டில் மாறியது.

அவர் என் பாட்டியின் அப்பா. சிலாங்கூரில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். பாட்டி கைக்குழந்தையாக இருந்தபோது, மனைவியையும் பிள்ளையையும் லயத்தில் விட்டுவிட்டுக் கப்பலேறி இந்தியாவுக்குப் போய்விட்டார், அங்கே வேறு குடும்பம் ஆகிவிட்டது என்பதுதான் எங்களுக்குச் சொல்லப்பட்ட கதை. பாட்டியைப் பெண் கேட்டு வந்த இடத்திலும் அந்தப் பேச்சு வந்ததாம். ஒவ்வோர் ஆடி அமாவாசைக்கும் தன் அம்மாவின் பெயரைச் சொல்லி இலை போடும் பாட்டி, அப்பாவின் பெயரைச் சொன்னதில்லை. கேட்டால், "விட்டுட்டுப் போன மனுசனுக்கு எதுக்கு எல?" என்பார்.

முதலில் காகிதங்கள்

நான் முதலில் செய்த வேலை, வீட்டில் இருந்த காகிதங்களுக்கு எண் போட்டதுதான். பாட்டியின் மைலோ டின், அம்மாவின் கைப்பை, பெரிய மாமா வீட்டு இழுப்பறை ஆகிய மூன்று இடங்களிலும் இருந்தவற்றை ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாகக் குறித்தேன். எந்தப் பொருள் யார் வீட்டில் இருந்தது, அசல் இப்போது யாரிடம் இருக்கிறது என்பதை ஒரே நோட்டுப் புத்தகத்தில் எழுதினேன். அசலை வாங்கி வந்து நம் வீட்டில் குவிக்க வேண்டியதில்லை. படம் எடுத்துக்கொண்டு திருப்பிக் கொடுத்துவிட்டால், அடுத்த முறை கதவு தாராளமாகத் திறக்கும்.

படங்களின் பின்னால் பேனாவால் எழுதக் கூடாது. மை ஊறி முன்பக்கம் வரும். மென்மையான பென்சிலால் ஓரத்தில் எண் மட்டும் போட்டால் போதும். கிழியாமல் இருக்கட்டும் என்று பழைய பத்திரங்களைப் பிளாஸ்டிக்கில் ஒட்டிவிடுவதும் வேண்டாம். பிறகு அதைப் பிரிக்கவே முடியாது. கணினியில் சேமிக்கும்போது கோப்பின் பெயரில் முதலில் ஆண்டு, அடுத்து ஆளின் பெயர், கடைசியில் அந்த எண் என்று வைத்தால், எல்லாம் தானாகவே கால வரிசையில் வந்து நிற்கும்.

எதையும் அற்பம் என்று ஒதுக்காதீர்கள். பழைய கல்யாணப் பத்திரிகையில் இரண்டு தலைமுறைப் பெயர்கள் இருக்கும். ஊரிலிருந்து வந்த நீல நிற ஆகாயத் தபாலில் கிராமம், அஞ்சல், தாலுக்கா, ஜில்லா எல்லாம் இருக்கும். தோட்டத்துக் கோயில் சுவரில் உபயம் எழுதியவர்களின் பெயரும் ஆண்டும் இருக்கும்.

மைலோ டின்னில் சுருட்டி வைத்திருந்த பாட்டியின் பிறப்புப் பத்திரம் எங்கள் பட்டியலில் 17ஆம் எண். அதில் தேதி இருக்க வேண்டிய இடத்தில் இரண்டாம் மாதம், 2603 என்று இருந்தது. அது பதிவு எண்ணாக இருக்கும் என்றுதான் பெரியவர்கள் எல்லாரும் நினைத்திருந்தார்கள். உண்மையில் அது ஆண்டு. ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் மலாயாவின் பத்திரங்களில் அவர்களுடைய பேரரசுக் கணக்குப்படி ஆண்டு போட்டார்கள். 660ஐக் கழித்தால் நம் கணக்கு வரும். 2603 என்பது 1943. பிள்ளை பிறந்த தகவலைத் தந்தவர் என்ற இடத்தில் பாட்டியின் அப்பா பெயர் இருந்தது. ஆக, 1943 பிப்ரவரியில் அவர் தோட்டத்தில்தான் இருந்திருக்கிறார்.

பெயருக்கு ஒரு பக்கம், ஊருக்கு ஒரு பக்கம்

நம்மவர்களின் வரலாற்றைத் தேடுவதில் பாதி வேலை பெயர்தான். கிராணியின் காதில் விழுந்தது காகிதத்தில் ஏறியது. முத்துசாமி என்ற ஒரு பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் 'டி'க்குப் பிறகு 'எச்' உண்டா, 'டி' ஒன்றா இரண்டா, கடைசியில் 'ஐ'யா 'ஒய்'யா என்று கணக்குப் போட்டால் எட்டு வடிவம் வரும். பிறப்புப் பத்திரத்தில் ஒன்று, 1948இல் அவசர காலத்தில் எடுத்த அடையாள அட்டையில் ஒன்று, கல்யாணப் பதிவில் இன்னொன்று என்று ஒரே ஆள் மூன்று ஆளாக நிற்பார். போதாததற்கு லயத்தில் அவரைக் குட்டையன் என்றோ மேஸ்திரி மகன் என்றோதான் கூப்பிட்டிருப்பார்கள்.

எனவே ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, அவர் பெயர் எந்தெந்தப் பத்திரத்தில் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பதை எழுத்து மாறாமல் குறித்து வையுங்கள். நாமாகத் திருத்திச் 'சரியாக' எழுதிவிட்டால், ஆவணக் காப்பகத்தில் தேடும்போது அந்தத் தவறான எழுத்துதான் நமக்குத் தேவைப்படும்.

ஊரும் அப்படித்தான். "சேலம் ஜில்லா" என்று தாத்தா சொன்னால், இன்றைய சேலம் மாவட்டத்தில் மட்டும் தேடிப் பயனில்லை. 1965இல் தர்மபுரி அதிலிருந்து பிரிந்தது; தர்மபுரியிலிருந்து 2004இல் கிருஷ்ணகிரி பிரிந்தது; நாமக்கல் 1997இல் தனி மாவட்டம் ஆனது. வட ஆற்காடு என்ற பெயரே இப்போது வரைபடத்தில் இல்லை. பெரியவர் சொன்ன பெயரை அப்படியே எழுதி, பக்கத்தில் இன்றைய மாவட்டத்தைக் குறித்தால் போதும்.

நான்காவது கட்டம்

வானொலியில் ஒலிப்பதிவு தொடங்குமுன் நாள், இடம், பேசுபவர் பெயர் ஆகியவற்றைச் சொல்லிவிட்டுத்தான் பேட்டிக்குள் போவோம். முடிந்ததும் எத்தனையாவது நிமிடத்தில் என்ன பேசினார் என்று ஒரு தாளில் குறிப்போம். அந்தத் தாள் இல்லாத ஒலிப்பதிவு இருந்தும் இல்லாததுபோல்தான். ஒரு மணி நேரப் பேச்சை மறுபடி முழுக்கக் கேட்க யாருக்கு நேரம் இருக்கிறது? வீட்டுப் பதிவுகளுக்கும் இதே பழக்கத்தைக் கொண்டுவந்தேன்.

அதோடு, யார் எந்தச் செய்தி சொன்னாலும் நான்கு கட்டங்களில் எழுதினேன். என்ன சொன்னார், யார் சொன்னார், எப்போது, எங்கே சொன்னார், அவருக்கு எப்படித் தெரியும். இந்த நான்காவது கட்டம்தான் முக்கியம். கண்ணால் கண்டதா, கண்டவர் சொல்லிக் கேட்டதா, ஊரில் பேசிக்கொண்டதா என்று மூன்றில் ஒன்றை அதில் நிரப்ப வேண்டும்.

கொள்ளுத்தாத்தா இந்தியாவுக்குப் போய்விட்டதாக எங்கள் சொந்தத்தில் ஐந்து பேர் சொன்னார்கள். ஐந்து பேரிடமும் தனித்தனியாக, "உங்களுக்கு இதை யார் சொன்னாங்க?" என்று மட்டும் கேட்டேன். இருவர் தங்கள் அம்மா சொன்னதாகச் சொன்னார்கள். ஒருவர் சித்தப்பாவைச் சொன்னார். அந்தச் சித்தப்பாவுக்கு யார் சொன்னது என்று மேலே போனால், ஐந்து வழிகளும் ஒரே பெண்மணியிடம் போய் முடிந்தன. பாட்டிக்குப் பெரியம்மா முறை. காலமாகிப் பல ஆண்டுகள் ஆகின்றன. அவர் அந்தத் தோட்டத்துக்கு மருமகளாக வந்தது 1947இல். கொள்ளுத்தாத்தாவை அவர் பார்த்ததே இல்லை.

அவரைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. போர் முடிந்து கப்பல் மறுபடி ஓடத் தொடங்கியதும் எத்தனையோ பேர் ஊருக்குத் திரும்பினார்கள். திரும்பி வராதவர்களும் உண்டு. லயத்தில் ஒரு பெண் கணவன் இல்லாமல் இருந்தால், 'ஊருக்குப் போயிருப்பான்' என்பதுதான் அன்றைக்கு எளிதில் வரும் பதில். ஐந்து பேர் சொன்னதால் எங்களுக்கு அது ஐந்து சாட்சியாகத் தெரிந்தது. எழுதிப் பார்த்தபோது ஒரு சாட்சிகூட இல்லை.

ஆறாவதாக ஒருவர் இருந்தார். பாட்டியின் பெரியப்பா மகள், எங்களுக்குப் பெரிய பாட்டி. வாழ்க்கைப்பட்டுப் பேராக்கிற்குப் போனவர். இப்போது ஈப்போவில் மகள் வீட்டில் இருக்கிறார். வயது தொண்ணூறு. தூரத்தில் இருந்ததால் இந்தப் பேச்சு எதிலும் அவரை யாரும் சேர்க்கவில்லை. அவரிடம் தனியாக உட்கார்ந்துதான் பேசினேன். பத்துப் பேர் கூடியிருந்தால் உரத்த குரல்தான் ஜெயிக்கும். "அவரு சயாமுக்குப் போனாரா?" என்று கேட்டால் வயதானவர்கள் நம் மனம் நோகாமல் "ஆமா" என்றுவிடுவார்கள். அதனால், "உங்க சித்தப்பாவக் கடைசியா எப்பப் பாத்தீங்க?" என்று மட்டும் கேட்டேன்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "லாரியில ஏத்துனாங்க. எங்கப்பா பின்னாலயே ஓடுனாரு. நான் வேலிக்குப் பக்கத்துல நின்னேன். மரவள்ளி அவிச்சு வச்சிருந்தாங்க, அத யாரும் சாப்பிடல. அதுக்கப்புறம் அவரு வரல" என்றார். அப்போது அவருக்கு எட்டு வயது. நான்காவது கட்டத்தில் 'கண்ணால் கண்டது' என்று எழுதினேன். கொள்ளுத்தாத்தா காணாமல் போனதைப் பற்றி அந்தச் சொல்லை எழுதியது அன்றுதான் முதல் தடவை.

இரண்டு பத்தி காலக்கோடு

ஒரு குழந்தையின் நினைவை மட்டும் வைத்து முடிவுக்கு வர முடியாது. அதற்குத்தான் காலக்கோடு. ஒரு தாளை நடுவில் பிரித்து, இடப்பக்கம் வீட்டில் நடந்தவை, வலப்பக்கம் நாட்டில் நடந்தவை என்று எழுதுங்கள். நம் பெரியவர்கள் ஆண்டு சொல்ல மாட்டார்கள். "சப்பான்காரன் காலம்", "மெர்டேக்காவுக்கு மறு தைப்பூசம்", "மே கலவரத்தப்போ", "கோலாலம்பூர் வெள்ளத்துக்கு முந்தி" என்பார்கள். வலப்பக்கத்தில் 1941 முதல் 1945 வரை, 1957, 1969, 1971 என்று குறித்து வைத்தால், அவர்கள் சொல்வது தானாக ஆண்டாக மாறும்.

பல கதைகள் இந்தத் தாளிலேயே தெளிந்துவிடும். எல்லாக் குடும்பங்களிலும் முன்னோர் வந்தது 'ராஜூலா' கப்பலில்தான். ஆனால் ராஜூலா கட்டப்பட்டதே 1926இல். அதற்கு முன்பே இங்கே பிள்ளை பெற்றவர் வேறு கப்பலில்தான் வந்திருக்க வேண்டும். அதுபோல, சாதாரணத் தொழிலாளர்களுக்கு உதவி கொடுத்து மலாயாவுக்கு அனுப்புவதை இந்திய அரசு 1938இல் நிறுத்திவிட்டது. கங்காணி அழைத்து வந்த ஆள் என்றால் அதற்கு முன்பே வந்திருப்பார்.

கொள்ளுத்தாத்தாவின் கதையில், இரண்டு தரப்பும் ஒத்துக்கொள்ளும் செய்தி ஒன்று இருந்தது. "ஒனக்குப் பல்லு மொளைக்கிறதுக்கு முன்னாடியே போயிட்டாரு" என்று பாட்டியின் அம்மாவே பாட்டியிடம் சொல்லியிருக்கிறார். பாட்டி பிறந்தது 1943 பிப்ரவரி. அப்படியென்றால் அவர் போனதும் அந்த ஆண்டுதான்.

இப்போது வலப்பக்கத்தைப் பாருங்கள். 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் சரணடைந்தது முதல் போர் முடியும் வரை மலாயா ஜப்பானியர் கையில். இந்தியா பிரிட்டிஷார் கையில். நாகப்பட்டினத்துக்கும் மதராசுக்கும் பயணிகள் கப்பல் கிடையாது. 1943இல் ஒரு தோட்டத் தொழிலாளி கிள்ளான் துறைமுகத்துக்குப் போய்க் கப்பலேறி ஊருக்குப் போயிருக்க வழியே இல்லை.

அதே 1943இல்தான் சயாம்–பர்மா ரயில் பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்களைக் கொண்டுபோனார்கள். முதலில் கூலி தருகிறோம், சில மாதத்தில் திரும்பிவிடலாம் என்று ஆசை காட்டினார்கள். பிறகு பிடித்து ஏற்றினார்கள். 415 கிலோமீட்டர் நீளமான அந்தப் பாதை 1943 அக்டோபரில் இணைக்கப்பட்டது. காலராவிலும் மலேரியாவிலும் பட்டினியிலும் பல்லாயிரம் பேர் அங்கேயே மடிந்தார்கள். நேச நாட்டுப் போர்க்கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் வரிசையாக இருக்கின்றன. நம் ஆட்களுக்கு அப்படி ஒரு பெயர் வரிசை இல்லை.

கிடைக்காததையும் எழுதுங்கள்

ஆகவே கொள்ளுத்தாத்தா சயாமில்தான் இறந்தார் என்று எழுதிவிட்டேனா? இல்லை. அவருடைய பக்கத்தில் மூன்று வரிகள் இருக்கின்றன. 1943இல் கப்பலேறி இந்தியா போனார் என்பது நடந்திருக்க முடியாது. லாரியில் ஏற்றப்பட்டதைக் கண்ட ஒருவர் இருக்கிறார். எங்கே, எப்போது இறந்தார் என்பதற்குச் சான்று இல்லை. அதே 1943 ஜூலையில் நேதாஜி சிங்கப்பூருக்கு வந்த பிறகு, தோட்டத்து இளைஞர்கள் பலர் இந்திய தேசிய இராணுவத்திலும் சேர்ந்தார்கள். அந்த வாய்ப்பையும் கேள்விக்குறியோடு அடியில் எழுதி வைத்திருக்கிறேன்.

'தேடிக் கிடைக்காதவை' என்று தனியாக ஒரு தாளும் உண்டு. எந்த அலுவலகத்துக்கு எந்தத் தேதியில் போனேன், எந்த ஆண்டுப் பதிவுகளைப் பார்த்தேன், என்ன எழுத்தில் பெயரைத் தேடினேன் என்பது அதில் இருக்கும். தோட்டம் கைமாறி, ரப்பர் போய்ச் செம்பனை வந்து, பழைய செக்ரோல் புத்தகங்கள் இல்லாமல் போனதும் அதில் ஒரு வரி. நாளை என் மகளோ அண்ணன் மகனோ இந்த வேலையைத் தொடர்ந்தால், நான் தட்டிய கதவையே அவர்கள் மறுபடி தட்ட வேண்டியதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தேடத் தேட இரண்டாம் தாரம், தத்துப் பிள்ளை, சாதி விட்டுச் செய்த கல்யாணம் எல்லாம் வெளிவரும். அவற்றையும் எழுதத்தான் வேண்டும். ஆனால் புலனக் குழுவில் போடுவதற்கு அல்ல. சம்பந்தப்பட்டவர் உயிரோடு இருக்கும் வரை அவர் சம்மதம் இல்லாமல் பகிர்வதில்லை என்று எங்கள் வீட்டில் பேசி வைத்திருக்கிறோம். மொத்தக் கோப்பின் நகல் மூன்று இடங்களில் இருக்கிறது. அதில் ஒன்று ஜொகூரில் இருக்கும் மாமா மகளிடம். ஒரு வீட்டில் வெள்ளம் புகுந்தாலும் மற்றவை மிஞ்சும்.

எல்லாம் ஓரளவு சேர்ந்த பிறகு பாட்டியிடம் தாள்களைக் காட்டி, ஒவ்வொன்றாகப் படித்துச் சொன்னேன். பெரிய பாட்டியின் ஒலிப்பதிவையும் போட்டுக் காட்டினேன். இரண்டு முறை கேட்டார். "நிச்சயமா அங்கதான் செத்தாரா?" என்றார். "அது தெரியல பாட்டி. ஆனா கப்பல்ல ஊருக்குப் போகல" என்றேன். "அது போதும்" என்றார். கடந்த ஆடி அமாவாசைக்கு வாழையிலையை விரித்துவிட்டு, தன் அம்மா பெயருக்குப் பிறகு அப்பா பெயரையும் சொன்னார். வாயில் பழகாத பெயர். கொஞ்சம் தயங்கித்தான் வந்தது.

பெரிய பாட்டியை நாங்கள் இரண்டு ஆண்டு கழித்துத் தேடிப் போயிருந்தால், அந்தக் கட்டம் காலியாகவே இருந்திருக்கும். உங்கள் சொந்தத்திலும் தூரத்து ஊரில், யாரும் கேட்காமல் ஒருவர் இருப்பார். அலமாரியும் கோப்பும் பிறகு வாங்கிக்கொள்ளலாம். இந்த வாரமே அவரைக் கூப்பிடுங்கள். ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். அவர் சொன்னதை அவர் வார்த்தையிலேயே எழுதி, கீழே அவர் பெயரையும் அன்றைய தேதியையும் போடுங்கள்.